புதுக் கட்டடத்துக்கு வயதாகாது

ராஜபாளையத்தில் புது பஸ் ஸ்டாண்டு என்று ஒன்று இருக்கிறது. அது வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அங்கே அம்மா இடுப்பில் உட்கார்ந்து பஸ் ஏறிய பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஆனாலும் அது புது பஸ் ஸ்டாண்டுதான். எங்கள் பக்கத்தில் ஒரு பொருளுக்குப் புதுசு என்று ஒருமுறை பேர் விழுந்துவிட்டால் அப்புறம் அதற்கு வயதே ஏறாது. பேரன் எடுத்த பிறகும் ‘புது மாப்பிள்ளை’ என்று கூப்பிடப்படுகிற ஒருவர் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார். கூப்பிட்டால் கோலை ஊன்றிக்கொண்டு வருவார்.

இதையெல்லாம் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது சொல்வதில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். வீடு ராஜபாளையம். தினமும் பஸ்தான். ஊர்க் கமிட்டி நடத்துகிற, அரசு உதவி பெறுகிற பள்ளி அது. ஆறாம் வகுப்பு என் பொறுப்பு. வளாகத்தில் இரண்டு பெரிய கட்டடங்கள் இருந்தன. தெருவைப் பார்த்து நின்றது பழைய கட்டடம். அதற்குப் பின்னால் மைதானத்தின் ஓரமாக நிற்பது புதுக் கட்டடம். இந்தக் கதை முழுக்க இந்த இரண்டு பெயர்களில்தான் இருக்கிறது. அதனால் இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய கட்டடத்தின் சுவர்கள் எவ்வளவு கனம் என்றால், ஜன்னல் திட்டில் ஒரு பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். மழை பெய்யும் நாட்களில் அப்படித்தான் சாப்பிட்டார்கள். செங்கல்லும் செக்கில் அரைத்த சுண்ணாம்பும். மேலே தேக்கு உத்திரம் போட்டு, குறுக்கே கட்டைகளைப் பரத்தி, அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்கிய மட்டப்பாக் கூரை. தரை முழுக்கப் பட்டியக்கல். அத்தனை காலம் பிள்ளைகளின் கால் பட்டுப் பட்டு அந்தக் கல் வழவழவென்று ஆகியிருந்தது. மேற்கே ஒரு நீள வராந்தா, அதில் வரிசையாக வளைவுகள். வளைவுக்குள் நின்றால் மலை தெரியும். ஆனி, ஆடியில் மலைக் காற்று அந்த வளைவுகளில் புகுந்து, உச்சியில் இருக்கும் சின்ன ஜன்னல்கள் வழியாக வெளியேறும். அந்த ஜன்னல்களைக் கயிறு கட்டி இழுத்துத் திறக்க வேண்டும். சித்திரையில்கூட அங்கே ஃபேன் போடத் தோன்றாது. கட்டியவனுக்குக் காற்று எந்தப் பக்கம் வரும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்திருக்கிறது. எனக்குப் பெரிய தொண்டை, கத்தித்தான் பாடம் நடத்துவேன். அந்தக் கட்டடத்தில் மட்டும் மெதுவாகப் பேசினாலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ‘வெள்ளைக்காரன் கட்டுனது’ என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் உறுதியாக எது நின்றாலும் அதை வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிட வேண்டும். பாலமென்றாலும் அவன்தான், கிணறென்றாலும் அவன்தான். இந்தக் கட்டடத்தின் பெரிய வாசலுக்கு மேலே ஒரு கல் பதித்திருந்தது. ‘ஊரார் உபயம்’ என்று அதில் எழுத்து வெட்டியிருக்கும். வருஷா வருஷம் வெள்ளையடித்து அடித்து எழுத்துக் குழி எல்லாம் அடைந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஏணி போட்டு, ஒரு குச்சியால் சுரண்டிக் காட்டுவேன். நெசவுத்தெருக்காரர்களும், கடைக்காரர்களும், சுற்றுப்பட்டு விவசாயிகளும் சேர்ந்து கட்டியது. கான்சாபுரம் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்து வேலை செய்தார்களாம். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பரீட்சையில் ‘நமது பள்ளியைக் கட்டியவர் யார்’ என்று கேட்டால் ‘வெள்ளைக்காரர்’ என்று எழுதுவார்கள். வீட்டில் சொல்லிக்கொடுத்தது அப்படி. எவனோ கட்டியது என்று நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அதை இடிக்கும்போது எங்கே வலிக்கப் போகிறது?

புதுக் கட்டடம் கான்கிரீட். ஏறக்குறைய என் வயது. எனக்கு முடி நரைத்து மூட்டு வலியும் வந்தாயிற்று, அது மட்டும் இன்னும் புதுசு. அவசரத்தில் கட்டியது. உப்புப் பூக்கிற சவட்டு மண்ணைக் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு. மழை பெய்தால் சுவர் வேர்க்கும். கூரைக்குள் கம்பி துருவேறிப் புடைத்து, காரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அங்கேதான் என் ஆறாம் வகுப்பு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூரையிலிருந்து ஒரு காரைப் பத்தை பெயர்ந்து விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை, பெஞ்சின் மேல் விழுந்தது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பா நசுங்கியது. அந்தப் பிள்ளை சோறு போச்சே என்று அழுதது. மற்றதுகள் சிரித்தன. பெயர்ந்த பத்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஹெட்மாஸ்டர் மேஜை மேல் வைத்தேன்.

எங்கள் ஹெட்மாஸ்டர் நல்லவர். நல்லவர் என்பதைத் தவிர அவரிடம் வேறு எதுவும் கிடையாது. “பாத்துக்கிடலாம் டீச்சர்” என்றார். நான் விடவில்லை. பிள்ளைகளை வேறு இடத்தில் உட்கார வையுங்கள், இல்லையென்றால் கட்டடத்தைப் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள் என்று தினமும் அவர் அறையில் போய் நின்றேன். என் தொல்லை தாங்காமல்தான் அவர் எழுதிப் போட்டார். ஒரு வழியாக இன்ஜினீயர் ஒருவர் வந்தார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். நான் வகுப்பில் இருந்தேன். அவர் புதுக் கட்டடத்தின் தூண்களைத் தட்டிப் பார்த்தது தெரிந்தது. கூரையை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு பழைய கட்டடத்துக்குப் போய் வளைவுகளைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சரியான ஆள்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். “பழைய கட்டடம் கண்டமாம். லீவுல இடிச்சுரச் சொல்லிட்டாக” என்றார்.

எங்கள் ஊரில் கண்டம் இரண்டு வகை. ஜாதகத்தில் வருவது ஒன்று, ஆபீஸில் எழுதுவது ஒன்று. ஓட லாயக்கில்லாத பஸ், உட்கார லாயக்கில்லாத நாற்காலி எல்லாம் கண்டம். ஜாதகத்துக் கண்டத்துக்காவது ஒரு பரிகாரம் உண்டு.

எல்லோரும் பழைய கட்டடத்தின் கூரையைப் பார்த்தார்கள், ஏதோ அது அப்போதே விழப்போவது மாதிரி. ஹெட்மாஸ்டரின் அறை பழைய கட்டடத்துக்குள்தான் இருந்தது.

“சார், எங்க வச்சுச் சொன்னாரு?” என்று கேட்டேன்.

“இங்கதாம்மா. இந்த நாக்காலியில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே சொன்னாரு. ‘அந்தப் பழைய கட்டடத்துல இனி பசங்கள உட்கார வெக்காதீங்க, லீவுல இடிச்சுடுங்க’ன்னாரு.”

“அந்தன்னாரா, இந்தன்னாரா?”

“அந்தன்னுதான் சொன்னாரு.”

“சார், பழைய கட்டடத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு எவனாச்சும் ‘அந்தப் பழைய கட்டடம்’பானா? அவரு வெளியூர்க்காரரு. பின்னால இருக்கதப் பாத்தாரு, கம்பி துருத்திக்கிட்டு நிக்கி, பழசுங்காரு. நம்ம அதப் புதுக் கட்டடம்னு சொல்றது அவருக்கு எப்படித் தெரியும்?”

ஹெட்மாஸ்டர் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நான் இப்போதும் நம்புகிறேன். “அப்படியா சொல்லுதீக” என்று மட்டும் கேட்டார்.

அங்கேயே வைத்து இன்ஜினீயருக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பையன் பதறிப்போனான். “ஐயோ, முன்னாடி இருக்கறதுங்களா? அதை எதுக்குங்க சார் இடிக்கறீங்க? அது இன்னும் நூறு வருஷம் நிக்குமுங்க. கிரவுண்டு ஓரமா இருக்குதே, அதைத்தானுங்க சொன்னேன்” என்றான். அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். நான் பைத்தியக்காரி.

மறுநாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கமிட்டிச் செயலாளரிடம் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போய்ச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. செயலாளர் எங்கள் பள்ளியிலேயே படித்தவர். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “தெரியும் டீச்சர்” என்றார்.

“தெரிஞ்சுமா இத இடிக்கீக?” என்று கேட்டேன்.

“தெருவப் பாத்த எடம். வரிசையாக் கட கட்டி விட்டா ஸ்கூலுக்கு ஒரு வரும்படி. தேக்குக்கு ஆள் சொல்லியாச்சு, பொக்லைனுக்கும் சொல்லியாச்சு. பழைய கட்டடத்த இடின்னாக, பழைய கட்டடத்த இடிக்கோம். இதுல என்ன தப்பு?”

“அவரு சொன்னது பின்னால இருக்கதங்க. பிள்ளைக அதுலதான உக்காந்திருக்கு.”

“டீச்சர், நீங்க செத்த நேரம் வெளிய போயி நில்லுங்க. ரோட்டுல போற பத்துப் பேர நிப்பாட்டி, எதுய்யா பழைய கட்டடம்னு கேளுங்க. ஒருத்தனாச்சும் பின்னால இருக்கதக் காட்டுனாம்னா நான் பொக்லைன திருப்பி அனுப்பிருதேன்.” இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். “புதுக் கட்டடத்துக்கு என்ன? பூசி விட்டா இன்னும் எம்புட்டோ நாளைக்கு ஓடும்.”

ஹெட்மாஸ்டர் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் சொன்ன பந்தயத்தை நான் எடுத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுவிட்டு, டீக்கடையில், நூல் கடையில், பழைய மாணவர்கள் வீட்டில் எல்லாம் போய்ச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். எல்லோரும் கையை நீட்டித் தெருவோரக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள். “வெள்ளைக்காரன் கட்டுனதுல்லா டீச்சர், அது எம்புட்டுக் காலத்துக்கு நிக்கும்? இடிச்சாத்தான நல்லது?” என்றார் ஒருவர். இன்ஜினீயர் சொன்னதைச் சொன்னால், “அவிய படிச்சவிய, பழசுன்னு சொன்னா பழசாத்தான இருக்கும்” என்று அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். செவிடன் காதில் சங்கு ஊதலாம். காது நன்றாகக் கேட்கிறவன் காதில் எதை ஊதுவது? என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். “உத்தரவுன்னு ஒண்ணு வந்துட்டா அது எந்தக் கட்டடத்துல போயி விழும்னு பாக்கக் கூடாதுட்டி” என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார்.

கோடை விடுமுறையில் பொக்லைன் வந்தது. எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மேற்கு வராந்தாவில்தான் ஆரம்பித்தார்கள். பொக்லைன் கை போய் முட்டுகிறது, வளைவு அசையவில்லை. இன்னொரு முறை முட்டுகிறது, கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்கிறது, அவ்வளவுதான். டிரைவர் இறங்கி வந்து பீடி பற்றவைத்தார். “கண்டமான கட்டடம்னு சொல்லிக் கூட்டியாந்தாக. போற போக்கப் பாத்தா என் வண்டிதான் கண்டமாகும் போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளில் முடியும் என்றார்கள், நாள்கணக்காக ஆயிற்று. சுவர் தானாக விழவே இல்லை. அதைக் குடைந்து, அடி வெட்டி, கயிறு கட்டி இழுத்துத்தான் சாய்த்தார்கள். தேக்கு உத்திரங்கள் நேற்று அறுத்தது போல இருந்தன. லாரியில் ஏற்றிக் கட்டும்போது செயலாளர் தானே நின்று எண்ணிக்கொண்டார். வாசல் மேல் இருந்த அந்த எழுத்துக் கல்லை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். “நேத்தே இடிசலோட போயிருச்சு டீச்சர், பள்ளத்த நெரப்ப” என்றார்கள். எந்தப் பள்ளம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பழைய கட்டடத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புகளுக்கு இப்போது இடம் இல்லை. எல்லோரையும் புதுக் கட்டடத்துக்கே கொண்டுவந்து நெருக்கி அடைத்தார்கள். முன்பு நான்கு வகுப்பு இருந்த இடத்தில் இப்போது எட்டு, நடுவே தட்டி வைத்து மறைத்திருக்கிறது. கட்டடத்துக்குச் சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்து, ஓரத்துக்குக் கிளிப்பச்சை கொடுத்திருந்தார்கள். பூசி மெழுகுவது என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். வெடிப்புகளில் சிமென்ட் அப்பி, மேலே பெயின்ட். கூரை சுத்தமாக இருந்தது. உள்ளே கம்பி என்ன பாடு படுகிறதோ அது கம்பிக்குத்தான் தெரியும்.

அந்தக் கோயம்புத்தூர்ப் பையனை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஒரு நாள் பார்வையிட வந்தார். “இடிக்கச் சொன்ன கட்டடம் இடிச்சாச்சா?” என்று கேட்டார். “இடிச்சாச்சு சார்” என்று ஹெட்மாஸ்டர் வெறும் இடத்தைக் காட்டினார். அதில் ஒரு பொய்யும் இல்லை. நான் குறுக்கே போய், இடிக்கச் சொன்னது இதைத்தான் சார் என்று புதுக் கட்டடத்தைக் காட்டினேன். அவர் பெயின்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எழுதிக் குடுங்க டீச்சர், மேல அனுப்புறேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அது மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

அவர் போன பிறகு ஹெட்மாஸ்டர் என்னிடம், “ஏன் டீச்சர் இன்னமும் கிண்டுதீக? நீங்க காரைத் துண்டத் தூக்கிட்டு வந்து எம் மேசையில வைக்கலேன்னா இந்தப் பேச்சே வந்திருக்காது. பழைய கட்டடமும் அது பாட்டுக்கு நின்னுக்கிட்டிருக்கும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது பிள்ளையார்தான். குரங்காக்கியது என் கை இல்லை. அதை அவரிடம் சொன்னேன். பிள்ளைகளின் தலைமேல் கூரை விழப்போகிறது என்று சொல்வதா தப்பு, அப்புறம் நீங்கள் எதற்கு அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள் என்றும் கேட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு அம்மா தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, கையோடு என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. பிள்ளை சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரி நின்றது. அம்மாவும் இங்கே படித்தவள்தானாம்.

“டீச்சர், அந்த ஆபத்தான கட்டடத்த இடிச்சுட்டாகளாமே. இப்பத்தான் மனசுக்கு நிம்மதியா இருக்கு. அதனாலதான் இங்க கொண்டாந்து சேத்தேன். நாங்க படிக்கையில எனக்குப் புதுக் கட்டடத்துல எடம் கெடைக்கல. பழசுலயே போட்டுட்டாக. புதுக் கட்டடத்துப் பிள்ளைகளப் பாத்து அம்புட்டு ஏக்கமா இருக்கும். எம் பிள்ளைக்கு மொத நாளே கெடைச்சுருச்சு பாருங்க” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஹெட்மாஸ்டர் பெற்றோரிடம் எதையும் பேச வேண்டாம் என்று எல்லா டீச்சருக்கும் சொல்லியிருந்தார். நான் அவளைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். “இங்க பாரும்மா, இடிச்சது நல்ல கட்டடம். ஆபத்தான கட்டடம் இதுதான். இன்ஜினீயர் சொன்னத நான் எங் காதால கேட்டேன். உன் பிள்ளைய இங்க வைக்காத. டி.சி.யைத் திருப்பி வாங்கிட்டுப் போயி வேற பள்ளிக்கூடத்துல சேத்துரு. நான் வேணும்னா கூட வாரேன்” என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். சந்தன நிறம், கிளிப்பச்சை ஓரம். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

“புதுக் கட்டடத்தப் போயி ஆபத்துங்கீகளே டீச்சர்.”

“அது பேருதாம்மா புதுசு.”

“எங்கள மாதிரி பிள்ளைகளச் சேக்க இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லிருங்க டீச்சர். சின்னப் பிள்ளையில இருந்து இத நாங்க பாத்தவுகதான். நல்ல எடம் கெடைச்சா எங்களுக்கு மட்டும் ஏதாச்சும் ஒரு காரணம் வந்துரும். பொறவு வா, அங்க போ, இங்க போன்னு. இந்தத் தடவ நான் போறதா இல்ல.”

அப்படி இல்லம்மா என்றேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். வாழ்நாள் முழுக்க அவளை யார் யாரோ வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்கு நானும் அதே வாசலில் நின்று அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறேன். என்னை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. செயலாளர்மேல் அத்தனை நாளும் எனக்கு இருந்தது கோபம். அன்றைக்குத்தான் அது வெறுப்பாக மாறியது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துத் தானே வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனாள். முதல் பெஞ்சில் இருந்த பிள்ளைகளை நகரச் சொல்லி நடுவில் உட்கார வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

முதல் பெஞ்சுக்கு நேர் மேலேதான் கூரையில் சிமென்ட் அப்பிய இடம். மழை ஆரம்பித்ததிலிருந்து அந்த இடம் மறுபடி ஈரம் பூத்திருந்தது. நான் உள்ளே போய், “ஏட்டி, எந்திரிச்சுக் கதவுப் பக்கம் கடைசி பெஞ்சுக்குப் போ” என்றேன்.

பிள்ளை எழுந்திருக்கவில்லை. பையை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டது.

“டீச்சர் எங்க போகச் சொன்னாலும் போகக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருக்காக” என்றது.